இருபது ஆண்டு கழித்து இந்தப் பணத்தில் என்ன வாங்கலாம்? சேமிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சம்பளம் வாங்கத் தொடங்கிய சில மாதங்களில் கையில் கொஞ்சம் பணம் நிற்கும். உடனே எழும் கேள்வி, "எதில் போட்டால் அதிகம் வரும்?" என்பது. அதற்கும் முன்னால் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. இன்று இந்தத் தொகையில் வாங்க முடிகிற பொருளைப் பத்து, இருபது ஆண்டு கழித்தும் வாங்க முடியுமா? பாஸ்புத்தகத்தில் தொகை ஏறிக்கொண்டே இருக்கும்போது, அதைக் கொண்டு வாங்க முடிவது சுருங்கிக்கொண்டே போகலாம். தமிழ்நாட்டில் ரூபாயில் சம்பாதித்து ரூபாயில் செலவழிக்கும் ஒருவர் இதை எப்படிக் கணக்கிடுவது, எப்படி முடிவெடுப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு நோட்டும் கைபேசியில் உள்ள கால்குலேட்டரும் போதும்.

முதல் படி: உங்கள் வீட்டு விலைவாசியை அளந்துகொள்ளுங்கள்

செய்தித்தாளில் வரும் பணவீக்க விகிதம் நாடு முழுவதற்குமான சராசரி. அதைக் கணக்கிட உதவிய, 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் மட்டும் 45.86 சதவீதப் பங்கு இருந்தது. மருத்துவத்துக்கு 5.89, கல்விக்கு 4.46. இரண்டு பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் படிக்கவைக்கும் குடும்பத்தின் செலவு இந்த விகிதத்தில் இருக்காது. காய்கறி விலை இறங்கியதால் பணவீக்கம் குறைந்தது என்று செய்தி வரும் அதே மாதத்தில் உங்கள் வீட்டு வாடகை ஏறியிருக்கலாம்.

ஆகவே சொந்தமாக ஒரு பட்டியல் போடுங்கள். வாடகை, அரிசி, எண்ணெய், பால், சமையல் எரிவாயு, பெட்ரோல், பள்ளிக் கட்டணம், மருந்து, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் என்று பத்துப் பன்னிரண்டு இனங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் இப்போது மாதம் எவ்வளவு ஆகிறது, அதே அளவுக்கு ஐந்து ஆண்டுக்கு முன் எவ்வளவு ஆனது என்று எழுதுங்கள். பழைய ரசீதுகளும் வங்கிக் கணக்கு விவரமும் இதற்கு உதவும். அன்று 20,000 ரூபாயில் முடிந்தது இன்று 27,000 ஆகிறது என்றால் ஐந்து ஆண்டில் 35 சதவீத ஏற்றம். 35ஐ ஐந்தால் வகுத்து 7 என்று எழுதிவிடக் கூடாது. ஏறிய விலையின் மேல்தான் அடுத்த ஆண்டின் ஏற்றம் சேர்கிறது என்பதால், ஆண்டு விகிதம் ஏறத்தாழ 6.2 சதவீதம். இதுதான் உங்கள் வீட்டுப் பணவீக்கம். நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவையுங்கள்.

72ஐ இந்த விகிதத்தால் வகுத்தால், செலவு இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்பது தோராயமாகத் தெரியும். 6 சதவீதம் என்றால் 12 ஆண்டு. பணவீக்கத்தை 4 சதவீதத்தில் வைத்திருப்பதும், மேலும் கீழும் 2 சதவீதத்துக்கு மேல் விலகாமல் பார்த்துக்கொள்வதும் 2016 முதல் ரிசர்வ் வங்கிக்குச் சட்டப்படி தரப்பட்டுள்ள இலக்கு. அந்த இலக்கை அது துல்லியமாக எட்டினாலும் விலைவாசி 18 ஆண்டில் இரட்டிப்பாகும். பணத்தின் மதிப்பு மெல்லக் குறைவது, திட்டமிட்டே ஏற்றுக்கொள்ளப்பட்ட ஏற்பாடு.

நீண்ட காலத்துக்கு ஒப்பிட இன்னொரு கருவியும் இருக்கிறது. சொத்து விற்பனையில் வரி கணக்கிடுவதற்காக மத்திய நேரடி வரிகள் வாரியம் ஆண்டுதோறும் வெளியிடும் செலவுப் பணவீக்கக் குறியீடு அது. 2001-02இல் 100 என்று தொடங்கியது 2025-26இல் 376ஐ எட்டியது. 2001இல் ஒருவர் பீரோவில் வைத்த ஒரு லட்சம் ரூபாயின் வேலையைச் செய்ய இப்போது மூன்றே முக்கால் லட்சமாவது வேண்டும் என்று பொருள். "ஆவது" என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நகர்ப்புற விலைக் குறியீட்டின் ஏற்றத்தில் முக்கால் பங்கை மட்டுமே இந்தக் குறியீடு கணக்கில் எடுக்கிறது. உண்மையான ஏற்றம் இதைவிட அதிகம்.

இரண்டாம் படி: வரி போக, விலைவாசி போக, மிச்சம் எவ்வளவு?

ஐந்து லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்கு ஓராண்டு வங்கி வைப்பில் போடுவதாக வைத்துக்கொள்வோம். விலைவாசி ஏற்றம் 5 சதவீதம். வட்டி 35,000 ரூபாய். இங்கே நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். மேலே கணக்கிடுங்கள்.

வருமான வரியே கட்டாத ஒருவருக்கு ஆண்டு முடிவில் 5,35,000 ரூபாய் இருக்கும். அதை 1.05ஆல் வகுத்தால், இன்றைய விலையில் ஏறத்தாழ 5,09,500. அவருக்கு உண்மையாகவே 9,500 ரூபாய் ஆதாயம். 20 சதவீத வரிப் பிரிவில் இருப்பவர் மேல்வரியோடு சேர்த்து 7,280 ரூபாய் வரி கட்டுவார். அவருடைய உண்மை ஆதாயம் 2,600 ரூபாய்க்குள் சுருங்கிவிடும். 30 சதவீதப் பிரிவில் இருப்பவருக்கு வரி 10,920. ஆண்டு முடிவில் அவர் கையில் இருப்பதன் மதிப்பு இன்றைய விலையில் 4,99,000 சொச்சம். வட்டி வாங்கியும் நட்டம்.

ஒரே வங்கி, ஒரே வட்டி, மூன்று பேருக்கு மூன்று விளைவு. "எனக்கு இது நன்றாக வேலை செய்கிறது" என்று ஓய்வுபெற்ற உறவினர் சொல்வது உங்களுக்குப் பொருந்தாமல் போவதற்கு இது முக்கியமான காரணம்.

பொது வருங்கால வைப்பு நிதியை இப்படிக் கணக்கிட்டுப் பாருங்கள். 2020 ஏப்ரல் முதல் அதன் வட்டி 7.1 சதவீதம், அந்த வட்டிக்கு வரி இல்லை. 30 சதவீதப் பிரிவில் இருப்பவருக்கு இது 10.3 சதவீதம் தரும் வங்கி வைப்புக்குச் சமம். 15 ஆண்டு முடக்கமும், ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் உச்சவரம்பும் அதற்கான விலை. பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தையும் இதே முறையில் கணக்கிட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கைத் திரும்பிப் பார்க்கவும் பயன்படுத்தலாம். 1988இல் அஞ்சலகங்களில் அறிமுகமான கிசான் விகாஸ் பத்திரம் ஐந்தரை ஆண்டில் பணத்தை இரட்டிப்பாக்கியது. ஆண்டு வட்டியாகச் சொன்னால் 13.4 சதவீதம். அந்தக் காலத்தை ஏக்கத்தோடு பேசுபவர்கள் பலர். ஆனால் 1991இலும் 1992இலும் விலைவாசியே ஆண்டுக்கு 11 முதல் 14 சதவீதம் வரை ஏறியது. இரட்டித்துக் கிடைத்த கூடுதல் பணத்தில் பெரும்பகுதி விலை ஏற்றத்திலேயே கரைந்தது. 2023 ஏப்ரலில் அதே பத்திரத்துக்கு வட்டி 7.5 சதவீதம் என்று அறிவித்தபோது இரட்டிப்பாக 115 மாதம் ஆகும் என்ற நிலை. ஏறத்தாழப் பாதி வட்டிதான். ஆனால் விலைவாசியும் அந்த வேகத்தில் ஏறவில்லை. வட்டி விகிதத்தைத் தனியாகப் பார்த்து எந்தக் காலமும் நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது.

மூன்றாம் படி: ஒவ்வொரு தொகைக்கும் ஒரு தேதி எழுதுங்கள்

எந்தச் சொத்து நல்லது என்பது, அந்தப் பணம் எப்போது தேவைப்படும் என்பதைப் பொறுத்தது. அடுத்த ஜூனில் கட்டவேண்டிய கல்லூரிக் கட்டணத்துக்கு விலைவாசி எதிரியே அல்ல. ஓராண்டில் அது தின்பது சிறிது. வங்கியிலேயே இருக்கட்டும். இருபது ஆண்டு கழித்து வரும் ஓய்வுக்காலத்துக்கு விலைவாசிதான் முதல் எதிரி. நடுவில் வரும் ஏற்ற இறக்கங்களை அந்தப் பணம் தாங்கிக்கொள்ளும்.

நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள்: இரண்டு ஆண்டுக்குள் தேவை, இரண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தேவை, அதற்கும் பிறகு. இருக்கும் பணம் ஒவ்வொன்றையும் இதில் ஒன்றில் எழுதுங்கள். ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான தொகை கட்டாயம் முதல் பத்தியில் இருக்கவேண்டும். அது மதிப்பு இழக்கும் என்று தெரிந்தே வைத்திருக்கவேண்டிய பணம். நடு இரவில் மருத்துவமனையில் முன்பணம் கேட்கும்போது மனையை விற்க முடியாது.

நான்காம் படி: ஒவ்வொரு சொத்தும் எங்கே மதிப்பு இழக்கிறது?

ரொக்கமும் வங்கிப் பணமும் முதலில். வீட்டில் வைக்கும் ரூபாய் நோட்டு விலைவாசியால் தேய்வதோடு, அரசின் ஓர் அறிவிப்பாலும் செல்லாததாகலாம். 1978 ஜனவரியிலும் 2016 நவம்பர் 8 அன்றும் நடந்தது அதுதான். சேமிப்புக் கணக்கில் பெரிய வங்கிகள் பல 3 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் வட்டி தருகின்றன. வங்கியே விழுந்தால், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு. 2020 பிப்ரவரி வரை இது ஒரு லட்சமாகத்தான் இருந்தது. அதே வங்கியின் நான்கு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் வரம்பு ஒன்றுதான். கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்தில் போடும் பணத்துக்கு இந்தக் காப்பீடு இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நாணயமே தடுமாறினால் என்ன ஆகும் என்பதை இலங்கையில் உள்ள நம் உறவுகளிடம் கேட்கலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டாலர் மே மாதத்துக்குள் 360 ரூபாய் வரை போனது. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு விலைக் குறியீடு காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம். ரூபாய் வைப்பை மட்டும் நம்பியிருந்த குடும்பங்கள் ஓராண்டில் இழந்ததை மீட்கப் பல ஆண்டுகள் ஆகும்.

அடுத்தது தங்கம். "தங்கம் என்றைக்கும் நட்டமாகாது" என்பதை நம் வீடுகளில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. மறுக்கவேண்டிய இடம் இருக்கிறது. 1980இல் 10 கிராம் தங்கம் 1,300 ரூபாயை ஒட்டி விற்றது. 2000இல் 4,400 ரூபாயை ஒட்டி. மூன்று மடங்குக்கு மேல் ஏறியதாகத் தோன்றும். அதே இருபது ஆண்டில் இந்தியாவில் விலைவாசி ஏறத்தாழ ஐந்து மடங்கானது. ஆக, தங்கம் வாங்கி வைத்தவர் இருபது ஆண்டு காத்திருந்தும் வாங்கும் சக்தியை இழந்தார். அடுத்த இருபது ஆண்டில் கதை தலைகீழ். 2020இல் 10 கிராம் 48,000 ரூபாயைத் தாண்டியது, 11 மடங்கு. விலைவாசி நான்கு மடங்குகூட ஏறவில்லை. ஒரே உலோகத்தின் இரண்டு இருபது ஆண்டுகள் இவை. உங்கள் பாட்டியின் அனுபவமும் அம்மாவின் அனுபவமும் வேறுபட்டால் இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

காரணம் இது. தங்கத்தின் விலை உலகச் சந்தையில் டாலரில் முடிவாகிறது. 1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட தங்கம், அந்த உச்சத்தை மீண்டும் தாண்டியது 2008 ஜனவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் நமக்கு ரூபாயில் அது ஏறியதாகத் தெரிந்ததற்குப் பெரும் காரணம் ரூபாயின் சரிவு. 1980இல் 8 ரூபாய் அளவில் இருந்த டாலர் 2000இல் 45 ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. ஆகவே தங்கம் ரூபாயின் வீழ்ச்சிக்கு எதிரான காப்பு என்பது சரி. எந்த ஆண்டில் வாங்கினாலும் விலைவாசியை வெல்லும் என்பது சரியல்ல.

வாங்கும் வடிவமும் முக்கியம். செய்கூலி, சேதாரம் சேர்த்து 12 சதவீதம் என்றால், 1,00,000 ரூபாய் மதிப்புள்ள தங்கத்துக்கு 1,12,000. அதன்மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 1,15,360 ரூபாய் கொடுக்கிறீர்கள். விற்கப் போனால் செய்கூலியும் சேதாரமும் வரியும் திரும்பாது. தங்கத்தின் விலை 15 சதவீதம் ஏறிய பிறகுதான் போட்ட பணமே கைக்கு வரும். அணிவதற்காக வாங்கும் நகை வேறு விஷயம், அதில் மகிழ்ச்சியும் சேர்கிறது, அவசரத்துக்கு அடகும் வைக்கலாம். சேமிப்பு என்று நினைத்து வாங்குவதானால் நாணயமோ, பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் தங்க நிதியின் (இடிஎஃப்) அலகோ போதும். அரசின் தங்கப் பத்திரம் 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வெளியிடப்படவில்லை. எந்த நகை வாங்கினாலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளக் குறி இருக்கிறதா என்று பார்த்து, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைச் சரிபார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

மனை, நிலம். "அன்று ஐம்பதாயிரத்துக்கு வாங்கினோம், இன்று அரை கோடி" என்ற கதைகளை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நல்ல இடம் உண்மையிலேயே அப்படி ஏறியிருக்கிறது. ஆனால் விலை போகாமல் கிடக்கும் மனையைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. நீங்கள் கணக்கில் எடுக்கவேண்டியவை மூன்று. முதலாவது செலவு: தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். தரகு தனி. இரண்டாவது, விற்கும் வேகம். துண்டு துண்டாக விற்க முடியாது. மகளின் கட்டணத்துக்கு மூன்று லட்சம் தேவை என்றால் முழு மனையையும் விற்கவேண்டும். மூன்றாவது, ஆவணம். அங்கீகாரம் இல்லாத மனைப் பிரிவுகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, கையில் பத்திரம் இருந்தும் விற்க முடியாமல் ஏராளமானோர் நின்றார்கள். மண் அங்கேயே இருந்தது, விலை மட்டும் இல்லை. ஆகவே வில்லங்கச் சான்றிதழ், மூலப் பத்திரம், பட்டா, மனைப் பிரிவின் அங்கீகாரம் ஆகிய நான்கையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். குடியிருப்பதற்கான வீட்டைத் தவிர, முதல் பத்து ஆண்டுச் சேமிப்பை மனையில் முடக்கவேண்டாம் என்பது என் கருத்து.

பங்குகள் நீண்ட காலத்தில் விலைவாசியைத் தாண்டி வளரக் காரணம் எளிது: நிறுவனங்களே தம் பொருள்களின் விலையை ஏற்றுகின்றன. ஆனால் "நீண்ட காலம்" என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளவேண்டும். மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 1992 ஏப்ரலில் 4,400ஐத் தாண்டியது, ஆனால் 2003 ஏப்ரலில் 3,000க்கும் கீழே இருந்தது. பதினோர் ஆண்டு காத்திருந்தவருக்கு, ஈவுத்தொகை நீங்கலாக, அசலே குறைந்திருந்தது. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்டது 2009 மார்ச்சில் 8,000 சொச்சத்துக்கு விழுந்தது. உச்சத்தில் மொத்தமாகப் போட்டவர்களுக்குத்தான் இந்த அடி பலமாக விழும். மாதாமாதம் சிறு தொகையாகப் போட்டவர்கள் குறைந்த விலையிலும் வாங்கியிருப்பார்கள். ஆகவே மூன்றாம் பத்தியில் உள்ள பணத்தை மட்டும், சென்செக்ஸ் போன்ற ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளையே வாங்கும், குறைந்த கட்டணம் உள்ள குறியீட்டு நிதியில், மாதத் தவணையாகப் போடுங்கள். தனிப் பங்குகளைத் தேர்ந்தெடுப்பது தனித் தொழில். புதியவருக்கு அது வேண்டாம்.

வாகனம் சொத்து என்று எண்ணுபவர்களுக்கு மோட்டார் காப்பீட்டின் தேய்மான அட்டவணையே பதில் சொல்லும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டில் 15, மூன்றாம் ஆண்டில் 30, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் கழிக்கப்படும்.

ஐந்தாம் படி: பெரிய தொகைகளை இன்றைய விலைக்கு மாற்றுங்கள்

"25 ஆண்டு கட்டினால் முதிர்வில் 10 லட்சம்" என்று, காப்பீட்டையும் சேமிப்பையும் சேர்த்துத் தரும் ஒரு எண்டோமென்ட் பாலிசியை முகவர் விரிக்கும்போது நோட்டைத் திறங்கள். 6 சதவீதப் பணவீக்கத்தில் அந்தப் 10 லட்சம் இன்றைய 2,33,000 ரூபாய்க்குச் சமம். இப்போது மீண்டும் பிரீமியத்தைப் பாருங்கள். உயிருக்குக் காப்பீடு வேண்டுமென்றால், இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசி தனியாகவும் சேமிப்பு தனியாகவும் இருப்பதே பெரும்பாலோருக்கு நல்லது.

மாதம் 3 சதவீதம், 5 சதவீதம் என்று உறுதி தரும் நிதி நிறுவனங்களிடம் கணக்குப் போடவே தேவையில்லை. முதலீட்டாளர் நலனைக் காக்க 1997இல் தனிச் சட்டம் இயற்றும் அளவுக்கு இந்த மாநிலம் அவர்களால் அடிபட்டிருக்கிறது. சீட்டு போடுவதானால் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட சீட்டில் மட்டும் சேருங்கள்.

கடனையும் இதே கண்ணோடு பாருங்கள். கடன் அட்டை நிலுவைக்கு ஆண்டு வட்டி 36 சதவீதத்துக்கும் மேல் போவது வழக்கம். அதை வைத்துக்கொண்டு 7 சதவீத வைப்பு போடுவதில் பொருளே இல்லை. முதலில் அந்தக் கடனை அடைத்துவிடுங்கள்.

ஆறாம் படி: பிரித்து வையுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள்

தொடங்குபவருக்கு நான் சொல்வது இதுதான். ஆறு மாதச் செலவு வங்கியில். ஏழு ஆண்டுக்குள் தேவைப்படும் பணம் வங்கி, அஞ்சலக வைப்புகளில். அதற்கும் பிறகு தேவைப்படுவதில் ஏறத்தாழப் பாதி குறியீட்டு நிதியில், மீதியில் பெரும்பகுதி பொது வருங்கால வைப்பு நிதியில், தங்கம் மொத்தத்தில் பத்துப் பதினைந்து சதவீதத்தைத் தாண்டாமல். வீட்டில் ஏற்கெனவே நகை இருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேருங்கள். பல குடும்பங்கள் தங்கத்தில் ஏற்கெனவே அளவுக்கு மேல் இருக்கின்றன.

ஒவ்வோர் ஏப்ரலிலும் முதல் பக்கத்து விலைப்பட்டியலைப் புதுப்பியுங்கள். எல்லாச் சேமிப்பின் மதிப்பையும் கூட்டி, உங்கள் மாதச் செலவால் வகுத்துப் பாருங்கள். "எத்தனை மாதம் வாழலாம்" என்ற அந்த விடை சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறதா என்பதே பார்க்கவேண்டியது. ரூபாயில் மொத்தம் கூடியும் மாதங்கள் குறைந்திருந்தால், புதிதாகப் போடும் தொகையைக் கூட்டவேண்டும், அல்லது பிரித்து வைத்த விகிதத்தை மாற்றவேண்டும்.

அதே நாளில், உங்களுக்குப் பின் பணத்தைப் பெற நீங்கள் பெயர் கொடுத்திருக்கும் நியமனதாரர் விவரங்களையும் பார்த்துவிடுங்கள். திருமணத்துக்கு முன் திறந்த கணக்குகளில் பழைய பெயரே இருக்கும். 2025 நவம்பர் முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். பத்து ஆண்டு யாரும் தொடாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் கீழ் உள்ள வைப்பாளர் விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடுகிறது. உரியவர்கள் பிறகும் கேட்டுப் பெறலாம், ஆனால் அப்படி ஒரு கணக்கு இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தாத்தா, அப்பா பெயரில் ஏதாவது கிடக்கிறதா என்று ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கிய உத்கம் இணையதளத்தில் பெயரையும் பான் எண் போன்ற ஓர் அடையாளத்தையும் கொடுத்துத் தேடலாம். பதிவு செய்ய ஒரு கைபேசி எண் போதும், கட்டணம் இல்லை.